பள்ளிக்கு போச்சா செட் வாங்கும் முன்

பி.டி. பீரியட் வந்தால் சக்கர நாற்காலிப் பிள்ளையின் கையில் ஸ்கோர் நோட்டைக் கொடுத்து ஓரமாக உட்கார வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பிள்ளைக்கும் மற்றவர்களுக்குச் சமமான விளையாட்டு வாய்ப்பு தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதற்காக ஒரு பள்ளி முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால், தயங்காமல் போச்சா (Boccia) செட் என்போம்; பந்தை எறிந்தோ உருட்டியோ ஆடும் விளையாட்டு. பெருமூளை வாதத்தால் கை சொன்னபடி கேட்காத பிள்ளையும் ஜெயிக்கக்கூடிய ஆட்டம் இது. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது.

செட்டில் 13 பந்துகள்: சிவப்பு 6, நீலம் 6, குறிப்பந்தான வெள்ளை ஜாக் 1. ஜாக்குக்குப் பக்கத்தில் யார் பந்து நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. பார்சலைப் பிரித்ததும் ஒவ்வொரு பந்தையும் சமையலறைத் தராசில் வையுங்கள். 275 கிராம் இருக்க வேண்டும். 12 கிராம் வரை கூடலாம், குறையலாம். மலிவு செட்டில் முதலில் விடுவது தையல். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குருணை கசிந்து, பந்து ஒரு பக்கம் சப்பி, கோணலாக உருளும். சொரசொரப்பான சிமெண்ட் தரையில் இது சீக்கிரமே நடக்கும். பேட்மிண்டன் உள்ளரங்கு இருந்தால் கவலையில்லை. நெட்டைக் கழற்றினால் 12.5 × 6 மீட்டர் போச்சா களம் டபுள்ஸ் கோட்டுக்குள்ளேயே அடங்கும்.

எல்லாப் பந்தும் ஒரே கெட்டியாக இருக்கும் செட் வேண்டாம். பிடிமானம் குறைந்த கைக்கு மெத்தென்ற பந்துதான் சரி: உள்ளங்கையில் அமுங்கி நிற்கும், விழுந்த இடத்திலேயே தங்கும்.

பல செட்டுகளில் ராம்ப், அதாவது பந்தை வைத்து உருட்டிவிடும் சரிவுப் பாதை, வராது. ராம்ப் இல்லாவிட்டால் அது பாதி செட்தான். பந்தையே தூக்க முடியாத பிள்ளை மறுபடியும் ஓரத்துக்குத்தான் போகும். காசு போதவில்லையா? 110 மி.மீ. பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பந்தின் விட்டம் சுமார் 86 மி.மீ.; தாராளமாக உட்காரும். ஆனால் நட்டநடுவில் வைத்து விடாவிட்டால் இரு பக்கமும் ஆடிக்கொண்டே இறங்கும். கீழ்நுனி தரையை விட்டுத் தூக்கி நின்றால் பந்து தொப்பென்று விழுந்து திசை மாறும். நுனியைச் சூடுகாட்டி வளைத்து, தரையோடு படிய வையுங்கள். 10 செ.மீ.க்கு ஒரு கலர் டேப் ஒட்டினால், எந்த உயரத்திலிருந்து விடவேண்டும் என்பதைப் பிள்ளையே நிறம் காட்டிச் சொல்லும்.

பிள்ளைக்காக ராம்ப்பை நகர்த்தும் உதவியாளர் களத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும், விதியே அதுதான். களத்தைப் பார்த்தால் குறி வைப்பது அவராகிவிடுவார். பிள்ளை கண்ணாலோ தலையசைப்பாலோ சொல்லும் திசைக்கு ராம்ப்பை நகர்த்துங்கள். பந்தை விடுவதும் பிள்ளைதான், தலையில் கட்டிய குச்சியால் என்றாலும் சரி. ஒரு பந்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகலாம். அவசரப்பட்டுத் திரும்பிப் பார்க்காதீர்கள்.