லிம்போசைட் பிரிக்கும் திரவம்: புது ரத்தம் இருந்தால் மட்டும்

உறுப்பு மாற்று ஆய்வில் கிராஸ்மேட்ச் (உறுப்பு தருபவரின் லிம்போசைட் வெள்ளையணுக்களைப் பெறுபவரின் சீரத்தோடு கலந்து, அதிலுள்ள ஆன்டிபாடி அவற்றைக் கொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) செய்பவர்கள் பலருக்கு, ரத்தத்திலிருந்து லிம்போசைட்டைப் பிரிக்கும் இந்த 1.077 கி/மிலி அடர்த்தித் திரவம் இல்லாமல் வேலை ஓடாது. 1968-ல் ஆர்னே போயம் என்ற ஆய்வாளர் சொன்ன அதே முறைதான்: நீர்த்த ரத்தத்தைக் குழாயின் சுவரோரமாகத் திரவத்தின் மேல் மெதுவாக இறக்கி, சென்ட்ரிஃப்யூஜில் 400 ஜி (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு) விசையில் அரை மணி நேரம், பிரேக்கை அணைத்துவிட்டுச் சுற்றினால் சிவப்பணுக்களும் கிரானுலோசைட்டுகளும் (இன்னொரு வகை வெள்ளையணுக்கள்) அடியில் போய்விடும், நடுவில் மங்கலாக ஒரு வெள்ளைப் பட்டை நிற்கும், லிம்போசைட்டுகள் இருப்பது அதில்தான், நமக்கு வேண்டியது அதுதான்.

புது ரத்தம் என்றால் அருமை. பழைய ரத்தம் என்றால் கிரானுலோசைட்டுகளும் அந்தப் பட்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் செல்கள் செத்தது ஆன்டிபாடியாலா, ரத்தம் பழசானதாலா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். கிராஸ்மேட்ச் பாசிட்டிவ் என்றால் மாற்றிய சிறுநீரகம் உடனே பழுதாகும் ஆபத்து அதிகம் என்று 1969-லேயே பட்டேலும் டெராசாகியும் காட்டிவிட்டார்கள், அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

லிம்போசைட்டின் வகைகளான டி செல், பி செல் இரண்டையும் இந்தத் திரவம் தனித்தனியாகத் தராது, அதற்கு வேண்டிய செல்லில் ஒட்டிக்கொள்ளும் காந்த மணிகள்தான் சரி. பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு வரும், குறைந்த வேகத்தில் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். எங்களுக்கு வந்த பாட்டிலின் ரப்பர் மூடிதான் எரிச்சல், ஒவ்வொரு முறையும் ஊசி குத்தி எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் மட்டும் ஊற்றாதீர்கள், அறை வெப்பநிலைக்கு வரட்டும்.