பெரியப்பாவைப் பார்க்க வந்த பாலியேட்டிவ் சிஸ்டர்

எனக்குச் சொந்த ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இருப்பது நியூ ஜெர்சியில். எங்கள் பகுதி கேரளம்தான் என்றாலும் வீட்டிலும் தோட்டத்திலும் பேச்சு தமிழ். பெரிய வைத்தியம் என்றால் எல்லோரும் கோயம்புத்தூருக்குத்தான் ஓடுவார்கள். இந்தத் தடவை நான் போனது பெரியப்பாவுக்காக. எண்பதைத் தாண்டியவர், புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அப்படி வந்தவரை அரசு எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதைக் கூடவே இருந்து பார்த்தேன். ஊரில் வயதானவர்களை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரிய வேண்டும் என்று தோன்றியது.

பஞ்சாயத்து ஏற்பாடு செய்த வண்டியில் பாலியேட்டிவ், அதாவது தீராத நோயின் வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சையில் பயிற்சி பெற்ற நர்ஸும், ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவும் வந்தார்கள். சிஸ்டர் முதலில் கேட்டது வலியைப் பற்றி. எந்த நேரத்தில் கூடுகிறது, படுத்தாலா, புரண்டாலா என்று விவரமாகக் கேட்டார். அப்புறம் மலம் சரியாகப் போகிறதா என்று கேட்டார். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலச்சிக்கல் வரும். அதற்கு மாத்திரையைக் கூடவே கொடுத்தாக வேண்டும். சிறுநீர்க் குழாயை மாற்றினார். முதுகில் புண் வரப் பார்க்கிற இடத்தைப் பெரியம்மாவுக்குக் காட்டி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், எந்தப் பக்கம் தலையணை வைக்க வேண்டும் என்று கையோடு செய்து காட்டினார். வாட்டர் பெட் இரவலாகக் கிடைத்திருந்தது. யாரும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. பெரியம்மா கொடுத்த காபியை மட்டும் குடித்தார்கள்.

இதெல்லாம் ஒரே நாளில் வந்ததில்லை. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் சின்னதாகத் தொடங்கிய வேலை அது. அப்புறம் மலப்புரம் பக்கத்து ஊர்க்காரர்கள் கையில் எடுத்து வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதல். இன்று பஞ்சாயத்துகள் தங்கள் திட்டப் பணத்திலிருந்தே இதற்குச் செலவு செய்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிநிவாரணச் சிகிச்சை உண்டு. அதைத் தொடங்கி வைத்ததும் ஓர் எல்லைப்புற ஊரில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அன்றைக்கு நடந்த பேச்சைப் பற்றி. வேலை முடிந்ததும் சிஸ்டர் கிளம்பிவிடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"ஐயா, மூச்சு ரொம்ப சிரமமாச்சுன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணுங்களா, இல்ல இங்கயே வெச்சுப் பாக்கறதுங்களா? உங்க மனசுல என்ன இருக்குதுங்க?"

பெரியப்பா யோசிக்கவே இல்லை. "வலிய மட்டும் பாத்துக்குங்க சிஸ்டர். மெசின்ல எல்லாம் போட வேண்டாம். எதுன்னாலும் இந்த ஊட்லயே ஆகட்டும்."

பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா மகன் எழுந்து வெளியே போய்விட்டான். ஆனால் அன்று ராத்திரி அவனே வந்து பெரியப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, யார் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்தத் தோட்டத்தில் என்றெல்லாம் கேட்டான். அந்த வீட்டில் யாரும் தொடத் துணியாத பேச்சை, சிறுநீர்க் குழாயை மாற்றிய கை தொடங்கி வைத்தது.

அமெரிக்காவில் இதே பேச்சு என்ன பாடுபட்டது என்பதை நான் பார்த்திருக்கிறேன். 2009-இல் ஒபாமாவின் மருத்துவச் சீர்திருத்த மசோதாவில் ஒரு பிரிவு இருந்தது. கடைசிக் காலத்தில் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளி விரும்பினால் டாக்டரோடு உட்கார்ந்து பேசலாம்; அந்த நேரத்துக்கு, வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் டாக்டருக்குப் பணம் கொடுக்கும். அவ்வளவுதான். எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் சாரா பேலின் அதை "மரணக் குழு" என்று சொல்லிவிட்டார். கிழவர்களைச் சாகவிட்டு அரசு காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறது என்ற பயம் நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். மெடிகேர் அந்த உரையாடலுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது 2016 ஜனவரியில்தான். இடையில் எத்தனை பேர் கேட்பாரில்லாமல் ஐசியூவில் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

பயந்தவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். மெடிகேர் செலவில் ஏறக்குறைய கால் பங்கு, ஒருவருடைய வாழ்வின் கடைசி வருடத்தில் ஆகிறது. அந்தக் கணக்கைக் காட்டிவிட்டு "வாருங்கள், உங்கள் மரணத்தைப் பற்றிப் பேசலாம்" என்றால் எந்த வயதானவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அதுவும் அது திரும்பிப் பார்த்துப் போடுகிற கணக்கு. யாருக்கு எது கடைசி வருடம் என்று சிகிச்சை கொடுக்கும்போது டாக்டருக்கே தெரியாது. செலவைக் குறைக்கத்தான் இந்தப் பேச்சு என்று ஆகிவிட்டால் அதன்மேல் நம்பிக்கை போய்விடும். பெரியப்பா சிஸ்டரை நம்பியதற்குக் காரணம், பெரியப்பாவிடமிருந்து எதையும் பிடுங்க சிஸ்டர் வரவில்லை. வலியைக் கேட்டு, புண் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுக்க வந்தவர் அவர்.

நம் ஊரில் செலவுச் சிக்கல் வேறு மாதிரி. இங்கே அழிவது குடும்பத்தின் சொத்து. பெரியம்மாவின் தம்பி, எனக்கு மாமா முறை, சில வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரிலேயே இறந்தார். மூளை திரும்பாது என்று முதலிலேயே தெரிந்திருந்தும், இனி என்ன வழி என்று யாரும் அந்தக் குடும்பத்தை உட்கார வைத்துச் சொல்லவில்லை. தினமும் பில் மட்டும் வந்தது. தென்னந்தோப்பில் பாதி போனது. கேரளத்தின் காருண்யா காப்பீடு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது, நல்ல திட்டம். ஆனால் அது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான். வீட்டில் படுத்திருப்பவருக்கு வேண்டிய டயாப்பர், சத்துமாவு, ராத்திரிக் கண்விழிக்கும் ஆளின் கூலி இதற்கெல்லாம் அதில் இடம் இல்லை. கடைசிக் காலத்தை வீட்டில் கழிக்க விரும்புகிறவருக்குச் செலவு கையை விட்டுத்தான்.

சட்டம் இப்போது பரவாயில்லை. வீணாக உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒப்புக்கொண்டது. அன்று வைத்த நடைமுறையில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வரை வேண்டியிருந்ததால் ஏறக்குறைய யாராலும் அதைப் பயன்படுத்த முடியவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்து போதும். தன்னால் பேச முடியாமல் போனால் யார் முடிவெடுக்க வேண்டும் என்று பெயரையும் எழுதலாம். அந்த நேரம் வந்தால் ஆஸ்பத்திரியில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துத்தான் முடிவு செய்யும். காகிதத்தைக் காட்டியதும் யாரும் குழாயைப் பிடுங்கிவிட மாட்டார்கள். கொல்லம் அரசு மருத்துவக் கல்லூரியில் இதை விளக்கிச் சொல்ல 2024 இறுதியில் ஒரு கவுன்ட்டரே திறந்திருக்கிறார்கள். பாலக்காட்டுக் கிழக்குப் பகுதிக்கும் அப்படி ஒன்று வர வேண்டும், தமிழில் விளக்கிச் சொல்லும் ஆளோடு. பெரியப்பாவின் நோய்க் குறிப்பு முழுக்க மலையாளத்தில் இருந்தது. அக்கா மகன் படிப்பான். பெரியம்மாவால் ஒரு வரி படிக்க முடியாது. ராத்திரியில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

குறைகள் இன்னும் உண்டு. சிஸ்டர் வந்து போனால் அடுத்த முறைக்குப் பல நாள் காத்திருக்க வேண்டும். அவருக்கு ஏகப்பட்ட வீடுகள். மார்ஃபின் தீர்ந்தால் பஸ் பிடித்து தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கிய பிறகும், விலை மலிவான அந்த மாத்திரை பக்கத்துச் சுகாதார மையத்தில் கிடைப்பதில்லை. ஒரு ராத்திரி பெரியப்பா வலியில் துடித்தபோது கூப்பிட்டுக் கேட்க ஓர் எண்கூட எங்களிடம் இல்லை. விடியும்வரை பெரியம்மா அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ராத்திரியில் எடுத்துப் பேச ஒரு நர்ஸ் இருந்திருந்தால், கூட ஒரு மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருப்போம். இந்த ஒரு வசதி இல்லாததால்தான், வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்த குடும்பங்கள்கூடக் கடைசியில் பயந்து ஆம்புலன்ஸை வரவழைக்கின்றன.

நான் கிளம்புவதற்கு முன் பெரியப்பா தன் விருப்பத்தைத் தமிழில் சொல்ல, அக்கா மகன் எழுதினான். நோட்டரி முன் கையெழுத்தும் ஆயிற்று. பஞ்சாயத்தில் ஒரு பிரதி கொடுத்துவைக்க வேண்டும் என்பது 2023 உத்தரவில் இருக்கிறது. அதை வாங்கிவைக்கும் பொறுப்பு யாருக்கு என்று ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. செயலாளர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் மறுபடியும் போய்க் கேட்பதாக அக்கா மகன் சொன்னான்.