மேல்மலையில் ஓர் இருபது படுக்கை மருத்துவமனை: இரவு வார்டு எப்படி இருக்கிறது?

கடந்த கார்த்திகையில் என் தந்தையாரை நிமோனியாவுக்காகக் கொடைக்கானலை அடுத்த ஒரு சிறிய அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்த்து, ஆறு இரவுகள் உடன் தங்கினேன். அங்கே இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை உள்நோயாளிகளின் பொறுப்பு டூட்டி டாக்டரிடம் இல்லை. நர்ஸ் பிராக்டிஷனர் எனப்படும் மேற்பயிற்சி பெற்ற செவிலியரிடம் இருக்கிறது. “டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரியிலா அப்பாவைப் போட்டாய்?” என்று மேல்மலைக் கிராமங்களான மன்னவனூரிலும் கவுஞ்சியிலும் உறவினர்கள் கேட்ட கேள்விக்கு அப்போது நின்று பதில் சொல்ல நேரமில்லாததால் இப்போது எழுதுகிறேன். குறைகளையும் எழுதப் போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில், டாக்டர் இல்லை என்பது சரியல்ல. ஒரு பொது மருத்துவர் இருக்கிறார். காலையிலும் மாலையிலும் ரவுண்ட்ஸ் வருகிறார். வளாகத்துக்கு அருகிலேயே குடியிருக்கிறார். முன்பு இரவுக்கென்று இளம் மருத்துவர்களை நியமித்துப் பார்த்தார்களாம். வந்தவர்கள் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் கிளம்பிவிட, இடைப்பட்ட மாதங்களில் அந்த ஒரே மருத்துவர் பகலும் இரவும் பார்த்துச் சோர்ந்திருக்கிறார். அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு. இப்போதுள்ள இரண்டு நர்ஸ் பிராக்டிஷனர்களும் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து, அதற்குப் பிறகு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த இரண்டாண்டு முதுகலைப் படிப்பைப் படித்தவர்கள். அந்தப் படிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் வகுப்பறை. மிச்சமெல்லாம் நோயாளியின் படுக்கையருகே என்பதை அவர்கள் வேலை செய்யும் விதத்திலேயே காண முடிகிறது.

இந்த முறை அமெரிக்காவில் பழையது. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்தது. அங்கே 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிப் பிரிவாக்கப்பட்ட, 25 படுக்கைகளுக்கு மிகாத கிராமப்புற மருத்துவமனைகளில் வார்டை இவர்கள் பார்த்துக்கொள்வது வழக்கம். பல மாநிலங்களில் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே மருந்து எழுதவும் உரிமை உண்டு. நம் நாட்டில் அந்த உரிமை இல்லை. மருத்துவர் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்துள்ள நிலையாணைகளின்படி ஆக்சிஜன் வைக்கலாம், டிரிப்ஸ் ஏற்றலாம், இரத்தம் எடுக்கலாம், குறிப்பிட்ட சில மருந்துகளின் முதல் டோஸைக் கொடுக்கலாம். அதைத் தாண்டினால் தொலைபேசியை எடுத்தே ஆக வேண்டும். ஆகவே இங்கே மதிப்பிட வேண்டியது, எப்போது தொலைபேசியை எடுக்க வேண்டும் என்பது அந்தச் சிஸ்டருக்குத் தெரிகிறதா என்பதைத்தான்.

அதற்கான விடை எனக்கு இரண்டாம் நாள் இரவில் கிடைத்தது. பத்து மணிக்குச் சிஸ்டர் வந்து தந்தையாரின் மூச்சை எண்ணினார். எண்ணினார் என்றால் உண்மையாகவே எண்ணினார்: நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் கம்பளிப் போர்வை ஏறி இறங்குவதில் வைத்து, கைக்கடிகாரத்தில் முழுதாக ஒரு நிமிடம். இதற்கு முன் நான் பார்த்த வார்டுகளில், பெரியவை உட்பட, மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தில் எல்லா நோயாளிக்கும் இருபது என்றே எழுதியிருக்கும். இங்கே 22 என்று எழுதினார். ஆக்சிஜன் அளவு 95, நாடி 94, காய்ச்சல் குறைவு. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் நான்கு. லண்டனிலுள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிஸிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கை அட்டவணை அது என்றும், மதிப்பெண் ஏற ஏற நிலைமை மோசம் என்றும், ஐந்து வந்தால் உடனடியாகக் கவனிக்க வேண்டும், ஏழு வந்தால் அவசரநிலை என்றும் என் கேள்விக்குப் பொறுமையாக விளக்கினார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரமுள்ள ஊரில் ஆக்சிஜன் அளவு இரண்டொரு புள்ளி குறைந்தே காட்டும் என்பதையும் அவரே சொன்னார்.

இரண்டு மணிக்கு மீண்டும் வந்தபோது மூச்சு 26, ஆக்சிஜன் 93, நாடி 104, காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸ். தந்தையார் தூங்குவதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை. மதிப்பெண் ஏழு. சிஸ்டர் ஆக்சிஜன் குழாயை மாட்டி, தலைமாட்டை உயர்த்தி, இரத்தம் எடுத்துக்கொண்டே மருத்துவருக்கு அழைத்தார். “பயமாக இருக்கிறது, வாருங்கள்” என்ற தொனியே அதில் இல்லை. வயது, என்றைக்குச் சேர்ந்தார், பத்து மணிக்கு என்ன, இப்போது என்ன, தான் இதுவரை செய்தது என்ன, அவரிடமிருந்து வேண்டியது என்ன என்று ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். இருபது நிமிடத்தில் மருத்துவர் குல்லாயும் ஸ்வெட்டருமாக வந்து பார்த்து, ஆன்டிபயாட்டிக்கை மாற்றினார்.

அதற்கடுத்து நடந்ததுதான் இந்த மருத்துவமனையைப் பற்றி என் மனத்தில் நிற்கிறது. மலையில் எங்கள் பெரிய அச்சம் நோயைவிடச் சாலைதான். கீழே கொண்டுபோவதென்றால் வத்தலக்குண்டு வரையிலேயே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வளைவு, அதன்பின் திண்டுக்கல் அரசு மருத்துவமனையோ தேனி க.விலக்கு அரசு மருத்துவமனையோ. கார்த்திகை மூடுபனியில் அந்த நேரத்தில் இறங்குவதே ஆபத்து. இறங்காமல் இருந்து நிலைமை முற்றினாலும் ஆபத்து. சிஸ்டர் என்னையும் அம்மாவையும் உட்காரவைத்து, “நாலு மணிக்குத் திரும்ப எண்ணுவேன். மூச்சு முப்பதைத் தொட்டாலோ, ஆக்சிஜன் வச்சும் தொண்ணூறுக்குக் கீழ போனாலோ விடியற வரைக்கும் காத்திருக்க மாட்டோம், 108ஐக் கூப்பிட்டுருவோம். இப்பவே துணிமணி எடுத்து வச்சுக்கோங்க” என்றார். எந்த எண் வந்தால் என்ன நடக்கும் என்று நோயாளியின் வீட்டாரிடம் முன்கூட்டியே சொன்ன ஒருவரை நான் அதுவரை சந்தித்ததில்லை. நான்கு மணிக்கு 24. பையைப் பிரிக்காமலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

இனிக் குறைகள். இருவரே இருப்பதால், ஒருவர் விடுப்பில் போனால் இரவு வார்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. எங்கள் நான்காம் இரவு அப்படிப்பட்டது. பணியில் இருந்த இளம் செவிலியர் அன்பானவர், ஆனால் இருபது படுக்கைக்கும் அவரும் இன்னொருவரும் மட்டுமே. டிரிப்ஸ் ஊசி நரம்பைவிட்டு விலகித் தந்தையாரின் முன்கை உப்பியிருந்ததை அதிகாலையில் போர்வையை விலக்கிய அம்மாதான் கண்டுபிடித்தார். வீக்கம் இரண்டு நாளில் வடிந்தது என்றாலும், முந்தைய இரவுகளில் அந்தக் கையை மணிக்கொரு தடவை தடவிப் பார்த்தார்களே என்ற நினைப்பு எழாமல் இல்லை. ஓர் ஏற்பாட்டின் தரம் இரண்டு பேரின் விடுப்பு அட்டவணையைப் பொறுத்திருப்பது நிர்வாகத்தின் குறை. மூன்றாவது ஒருவரை நியமிக்காமல் இது தீராது.

இரண்டாவது குறை சிறியது, ஆனால் எரிச்சலூட்டுவது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தைச் சிஸ்டர் காலை ஒன்பது மணிக்கே தெளிவாக எழுதி முடித்துவிட்டார். மருத்துவர் புறநோயாளிகளை முடித்துவிட்டு வந்து கையெழுத்திட மூன்று மணி ஆனது. அதற்குள் எங்கள் ஊருக்கான மதியப் பேருந்து போய்விட்டதால் வாடகை ஜீப் பிடிக்க நேர்ந்தது. கையெழுத்து மருத்துவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை ரவுண்ட்ஸின்போதே வாங்கிவிடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

மூன்றாவது, இவர்கள் யார் என்பதை மருத்துவமனை யாருக்கும் சொல்வதில்லை. வாசல் பலகையில் மருத்துவரின் பெயரும் பட்டங்களும் மட்டும்தான். பூண்டு விவசாயியான என் தந்தையார் நான்கு நாள், “தாயி, டாக்டரு எப்ப வருவாரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “காலையில வருவாருங்க ஐயா, அதுவரைக்கும் நான் இருக்கேன்” என்று ஒவ்வொரு முறையும் நர்ஸ் பிராக்டிஷனரான சிஸ்டர் சலிக்காமல் சொன்னார். பக்கத்துப் படுக்கையில் ஆஸ்துமாவுக்காகச் சேர்ந்திருந்த பளியர் பழங்குடி மூதாட்டிக்கு இன்ஹேலர் இழுக்கும் முறையைத் தரையில் சம்மணமிட்டு அரைமணி நேரம் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அவரது சீருடையும் மற்ற செவிலியரின் சீருடையும் ஒன்றே. ஒரு பெயர்ப்பட்டை தைத்துக் கொடுக்கவா பணம் இல்லை?

கட்டணம் நியாயம். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும். கேன்டீன் கிடையாது, எதிரிலுள்ள கடையில் இட்லியும் கஞ்சியும் கிடைக்கும். உடனிருப்பவருக்குப் பெஞ்சுதான், கம்பளி கொண்டுபோக வேண்டும். மார்வலி, பக்கவாதம், விபத்து என்றால் இங்கே நேரம் கழிக்காமல் கீழே இறங்கிவிடுவதே சரி; அதை அவர்களே சொல்கிறார்கள். காய்ச்சல், மூச்சிரைப்பு, சர்க்கரை ஏறி இறங்குவது போன்றவற்றுக்கு மேல்மலைக்காரர்கள் தாராளமாக வரலாம். சேர்க்கும்போது மட்டும், இன்று இரவு டூட்டியில் இருப்பது நர்ஸ் பிராக்டிஷனரா என்று கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால், மூச்சை எண்ண உங்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றாமல் வைத்திருங்கள்.