உப்புக் காற்றில் ஒரு குதிரை லாயம்: ரெடிமேட் கிட் வாங்கலாமா, கல்தூண் நட்டு ஓடு போடலாமா?

எங்கள் இடம் கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில், கடலில் இருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குதிரை இரண்டு. ஒன்று அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கி வந்த கத்தியவாரிப் பெண்குதிரை, இன்னொன்று வண்டியில் ஓடிப் பழகிய மட்டக்குதிரை. இதுவரை மாட்டுத் தொழுவத்தின் ஒரு ஓரத்தில்தான் இரண்டும் நின்றன. பெண்குதிரை இப்போது சினையாக இருக்கிறது. குட்டி போடுவதற்குள் தனி லாயம் எழுப்பியாக வேண்டும்.

மச்சான் போனில் ரெடிமேட் லாயத்தின் படங்களை அனுப்பினார். இரும்புச் சட்டம், கலர் ஷீட் கூரை, தள்ளுகதவு எல்லாம் அளவாக வெட்டி, ஒரே 'கிட்'டாக லாரியில் வந்து இறங்கும். நட்டு போல்ட் முடுக்கினால் ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. ஆனாலும் இரண்டு மாதம் நான்கு விதமான கட்டுமானத்தை விசாரித்த பிறகுதான் முடிவெடுத்தேன்.

முதலில் அளவு. எதைக் கட்டினாலும் இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. நடுத்தர உயரக் குதிரைக்கு அறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி வேண்டும். மட்டக்குதிரைக்குப் பத்துக்குப் பத்து போதும். குட்டி போடும் அறை இன்னும் பெரிதாக, பதினாலுக்குப் பதினாலாவது இருந்தால்தான் தாய் படுத்துப் புரள இடம் இருக்கும். வாசல் நாலடி அகலம், எட்டடி உயரம். நம் வெயிலுக்குக் கூரையின் தாழ்ந்த பக்கமே பத்தடிக்குக் குறையக் கூடாது. எனக்கு வந்த கிட் வரைபடங்களில் இரண்டு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போயின. அவை குளிர் தேசத்து லாயத்தைப் பார்த்துப் போட்டவை: நான்கு பக்கமும் மூடிய சுவர், சின்ன சன்னல். இங்கே அப்படி அடைத்து வைத்தால் குதிரை வெந்து போகும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும் நோய் உண்டு. வியர்க்காத குதிரையின் உடம்புச் சூடு இறங்காது. அதனால் சுவர் நாலரை அடிக்கு மேல் போகாமல், அதற்கு மேலே காற்று தாராளமாக ஓட வேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டில் இருந்து கப்பல் கப்பலாகப் பாண்டியர்களுக்கு வந்த குதிரைகள் சரியான பராமரிப்பு இல்லாமல் செத்தன என்று எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கரையில் குதிரை வளர்க்கும் எல்லோரும் மனதில் வைக்க வேண்டிய செய்தி இது.

அடுத்தது உப்பு. என் முடிவு மாறியது இங்கேதான்.

கடலோரத்தில் ஏழெட்டு வருஷமாக நிற்கும் ஒரு தகர ஷெட்டைப் போய்ப் பார்த்தேன். கூரையின் மேல்பக்கம் ஓரளவு நன்றாகவே இருந்தது. ஏணி வைத்து ஏறித் தாழ்வாரத்தின் அடிப்பக்கம் பார்த்தால், ஷீட் முழுக்கப் பொரிந்து கிடந்தது. மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும், அடிப்பக்கம் மழையே படாமல் உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருந்த திருகாணி ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன். தலை அப்படியே பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கையில் வந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்த ரப்பர் வாஷர் நாலாக வெடித்திருந்தது. அந்தத் துளையைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஷீட்டே இல்லை.

பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த இரும்புப் பாலம். வருஷா வருஷம் பெயின்ட் அடித்து, துருப்பிடித்த பாகங்களை மாற்றி மாற்றித்தான் நூறு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாயிற்று. ரயில்வேக்கு ஆள் இருக்கிறது, பணம் இருக்கிறது. என் லாயத்தை யார் வருஷா வருஷம் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது?

குதிரை லாயத்தில் உப்போடு மூத்திரமும் சேர்ந்துகொள்ளும். அதில் இருந்து கிளம்பும் அமோனியாவும் ஈரமும் தூணின் அடிப்பாகத்தில்தான் உட்காரும். கிட்டின் மொத்தப் பாரத்தையும் தாங்குகிற பேஸ் பிளேட்டும் (தூணின் அடித்தகடு), அதை அஸ்திவாரத்தோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட்டும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. 'கால்வனைஸ்' என்று எல்லா விற்பனையாளரும் சொல்வார்கள். அதில் இரண்டு வகை உண்டு. துத்தநாகம் பூசிய குழாயை வாங்கி வெட்டி வெல்டிங் வைப்பது ஒன்று. வெட்டிய முனையிலும் வெல்டிங் வைத்த இடத்திலும் பூச்சு போயிருக்கும், துரு அங்கேயே ஆரம்பிக்கும். முழுச் சட்டத்தையும் செய்து முடித்த பிறகு உருக்கிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது இன்னொன்று. ஹாட் டிப் என்பார்கள். கடலோரத்துக்கு இது ஒன்றுதான் சரி, ஆனால் விலை சட்டென்று ஏறும். லாரி வாடகை, அஸ்திவாரம் எல்லாம் சேர்த்து எனக்கு வந்த கணக்கு, கல்தூண் லாயத்தைப் போல ஒன்றரை மடங்கு. அஸ்திவாரம் கிட் விலையில் வராது என்பதைப் பல பேர் கவனிப்பதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில், பக்கம் திறந்த இலேசான ஷெட்டுக்குள் காற்று புகுந்தால் கூரையை மேலே தூக்கும். மணல் தரையில் அதைப் பிடித்து வைக்கத் தூணுக்குத் தூண் கான்கிரீட் ஆழமாக இறங்க வேண்டும். 1964-இல் தனுஷ்கோடிக்கு என்ன ஆனது என்று தெரிந்த ஊர்க்காரர்களிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கிட்டிலும் நல்லது இருக்கிறது. குத்தகை நிலத்தில் குதிரை வைத்திருப்பவர் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். பின்னால் ஓர் அறை கூட்ட வேண்டுமென்றால் சுலபமாகக் கூட்டலாம். தடுப்புகளும் தள்ளுகதவும் குதிரைக்கென்றே யோசித்துச் செய்தவை, நம் ஊர்ப் பட்டறையில் அந்த நேர்த்தி வருவது கஷ்டம். பரமக்குடி, முதுகுளத்தூர் மாதிரி உள்பக்கமாக இருந்தால் நானே கிட் வாங்குங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு நிபந்தனை: வெறும் ஷீட் சுவர் கூடாது. குதிரை உதைத்தால் ஷீட் கிழியும், கிழிந்த விளிம்பு காலைக் கத்தி போல அறுக்கும். நாலடி உயரத்துக்கு உள்பக்கம் கனமான பலகை அடித்தே ஆக வேண்டும்.

ஓலைக் கொட்டகை? குளுமைக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் வைக்கோலும் ஓலையும் ஒரே இடத்தில் இருப்பது நெருப்புக்கு அழைப்பு. எட்டுகிற உயரத்தில் இருக்கும் ஓலையைக் குதிரை இழுத்துத் தின்றும்விடும். பகலில் நிழலுக்கு நிற்க ஒரு பந்தலாகப் போடுங்கள், ராத்திரி அடைக்க வேண்டாம்.

ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போடுவதுதான் இங்கே எல்லோரும் செய்வது. மலிவு. ஆனால் பின்னங்கால் உதையில் பொள்ளல் கல் உடைந்துவிடும். கீழ் வரிசைகளின் பொள்ளலில் கான்கிரீட் நிரப்பினால் சமாளிக்கலாம். உப்புத் தண்ணீரில் கலவை போடாதீர்கள், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

கடைசியாக நான் தேர்ந்தெடுத்தது: கருங்கல் தூண், பனஞ்சட்டம், ஓடு. வேலிக்குப் போடும் ஏழடிக் கல் இதற்குப் போதாது. ஒரு சாண் கனத்தில் பன்னிரண்டு அடித் தூண்களைச் சொல்லி வைத்து வாங்க வேண்டும். உப்பு அதை ஒன்றும் செய்யாது. பனைக்கு, பச்சை மரத்தைத் தொடவே வேண்டாம். 2021-இல் இருந்து பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது, அது நியாயமும்கூட. பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும் இடங்களில் நல்ல சட்டங்கள் கிடைக்கின்றன. என்னோடு வந்த ஆசாரி ஒவ்வொரு சட்டத்தையும் புரட்டி, வெட்டு முகத்தைத் துடைத்துக் காட்டினார். "கருப்பு ஏறியிருக்கா பாருங்க தம்பி. வெளுப்பா இருந்தா தள்ளி வச்சிருங்க, செல் அரிச்சிரும்." கருப்பு ஏறிய ஒன்றில் ஆணி அடித்துப் பார்த்தேன், ஆணி வளைந்துவிட்டது. துளை போட்டுத்தான் முளை இறக்க வேண்டும் என்றார்.

இதில் கஷ்டம் நேரம்தான். கிட் ஒரு வாரம் என்றால் இது ஒன்றரை மாதம். காற்றுக்கு ஓடு பறக்காமல் ஓரத்து வரிசைகளைச் சுண்ணாம்புக் காரை வைத்துப் பூச வேண்டும், அதுவும் கச்சான் தொடங்குவதற்கு முன்னால். கடலில் இருந்து 500 மீட்டருக்குள் இருப்பவர்கள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதியை விசாரித்துவிட்டு எதையும் தொடங்குங்கள். அப்புறம், தரையில் வெறும் மணல் வேண்டாம். தீவனத்தோடு மணலும் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தால் குதிரைக்கு வயிற்றுவலி வரும். நான் செம்மண் திமிசு போட்டு அதன்மேல் ரப்பர் பாய் விரிக்கிறேன்.

கிட் வேண்டாம் என்று சொன்னாலும், அதே கம்பெனியிடம் இரண்டு தள்ளுகதவும் நடுத்தடுப்பு ஒன்றும் மட்டும் ஆர்டர் கொடுத்திருக்கிறேன். கல்தூணுக்கு நடுவில் அவை உட்காரும். துருப்பிடித்தால் கதவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கூரை அசையாது. வெட்டு, துளை, வெல்டிங் எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் தொட்டியில் முக்க வேண்டும், முக்கிய பிறகு ஒரு துளைகூடப் போடக் கூடாது என்று ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.