2 அடித் தொட்டி, 10 வாட் விளக்கு: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம், 6 மி.மீ. கண்ணாடி. சென்னையில் போர் தண்ணீரில், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமல் மூன்று ஆண்டுகளாக ஓடும், நீர்ச்செடிகள் வளரும் மீன் தொட்டி இது. ஆரம்பத்தில் மேலே எரிந்தது 24 வாட் எல்.இ.டி. இப்போது எரிவது 10 வாட். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் அதிகம் செலவு செய்வது விளக்குக்கு. அதிகம் பாசியைக் கொண்டுவருவதும் அதே விளக்கு. அதனால் விளக்கைப் பற்றித்தான் இங்கே நிறைய இருக்கும்.

முதலில் கொள்ளளவு. மேலே சொன்ன அளவைப் பெருக்கினால் 65 லிட்டர் வருகிறது. கண்ணாடித் தடிமன், 5 செ.மீ. மணல், மேல் விளிம்பில் விடும் 3 செ.மீ. எல்லாம் கழித்தால் தண்ணீர் ஏறத்தாழ 48 லிட்டர்தான். மருந்து, உரம், விளக்குக் கணக்கு எல்லாவற்றுக்கும் இந்த 48ஐ எடுத்துக்கொள்ள வேண்டும். எடைக்கு வந்தால் கண்ணாடி 12 கிலோ, மணல் 14 கிலோ, கல், தண்ணீர் என மொத்தம் 75 கிலோவைத் தாண்டும். டிவி ஸ்டாண்ட், ஷூ ரேக் எதுவும் தாங்காது. அடியில் 10 மி.மீ. தெர்மோகோல் ஷீட், அதன் மேல் தொட்டி. தண்ணீர் பாதி நிரம்பியதும் நான்கு மூலையிலும் நீர்மட்டத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் தண்ணீரை இறக்கிவிட்டு ஸ்டாண்டைச் சரிசெய்வது நல்லது. ஒட்டின மூலைகளில் விழும் சமமற்ற அழுத்தம் சிலிக்கோன் பசையை மெதுவாகப் பிரிக்கும்.

மணல் வாங்கியதும் ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் அதில் கிளிஞ்சல் துண்டு இருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்.

போர் தண்ணீர் கடினமாக இருப்பதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் செடிகள். இந்தத் தண்ணீரில் செழிப்பாக வளர்கின்றன. கூடவே அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரின். அனுபியாஸின் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், கல்லில் நூலால் கட்ட வேண்டும். கிரிப்டோகோரின் நட்ட இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கரைந்துபோகும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும். மீனில் கப்பி, பிளாட்டி, மோலி. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் நியான் டெட்ரா அழகாகத்தான் தெரியும், ஆனால் அது மென்மையான நீருக்குரிய மீன்.

இனி விளக்கு. 24 வாட் விளக்கின் வெளிச்சம் 2400 லூமென் (ஒளியின் அளவு). 48 லிட்டர் தண்ணீரில், லிட்டருக்கு 50 லூமென் வருகிறது. நாளுக்கு 10 மணி நேரம் எரிந்தது. முதல் மூன்று வாரம் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூள் படிந்தது. அது டயட்டம் என்ற நுண்பாசி. எல்லாப் புதுத் தொட்டியிலும் வரும், தானாகப் போகும். ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு வந்ததுதான் தொல்லை: வாலிஸ்னேரியா ஓரமெல்லாம் பச்சை நூல்பாசி, அனுபியாஸ் இலை விளிம்பில் தாடி மாதிரிக் கரும்பாசி. வெளிச்சம் கூடக்கூடச் செடிக்கு கார்பன் தேவையும் கூடுகிறது. சிலிண்டர் இல்லாத தொட்டியில் காற்றிலிருந்து கரையும் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவுதான். அது தீர்ந்ததும் செடி நின்றுவிடும், மீதி வெளிச்சம் பாசிக்குப் போய்ச்சேரும். இந்த நிலையில் உரத்தைக் கூட்டினாலும் தீராது.

நேரத்தை 6 மணியாகக் குறைத்தபோது நூல்பாசி தளர்ந்தது. விளக்கை 15 செ.மீ. உயர்த்தியதும் இன்னும் குறைந்தது. ஆனால் உயர்த்திய விளக்கு அறையெல்லாம் கண்ணைக் கூசவைத்தது. கடைசியில் வீட்டுக்கு மாட்டும் சாதாரண 2 அடி பேட்டன் (டியூப்லைட் வடிவ எல்.இ.டி. விளக்கு), 10 வாட், 6500 கெல்வின் வெள்ளை ஒளி, ஏறத்தாழ 1000 லூமென். லிட்டருக்கு 21 லூமென். மேலே சொன்ன செடிகளுக்கு இதுவே போதும். கரும்பாசி படிந்த பழைய இலைகள் மட்டும் தெளியவே இல்லை. அவற்றை அடியோடு நறுக்கிய பிறகு வந்த புது இலைகள் சுத்தமாக இருக்கின்றன.

கேலனுக்கு இத்தனை வாட் என்ற பழைய கணக்கு டியூப்லைட் காலத்தது. எல்.இ.டி.க்குப் பொருந்தாது. லூமென் கணக்கும் வெள்ளை விளக்குக்கு மட்டும்தான் சரிவரும்; மனிதக் கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும் பச்சை ஒளிக்கு அதில் மதிப்பு அதிகம். சிவப்பு, நீலம் கலந்த விளக்கில் லூமென் குறைவாக எழுதியிருந்தாலும் செடிக்குக் கிடைப்பது குறைவாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த விளக்குகளில் மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும். அதற்காக வாங்கலாம், செடி வளர்ச்சிக்காக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

வீட்டு பேட்டனுக்கு ஈரத் தடுப்பு கிடையாது. தொட்டியை 4 மி.மீ. கண்ணாடியால் மூடி, அதன் மேல் வைக்க வேண்டும். மூடாமல் வைத்தால் எல்.இ.டி. சில்லுக்கு முன்னால் உள்ளேயிருக்கும், அதற்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட் துருப்பிடித்துப் போய்விடும். மூடியில் வாரம் ஒரு முறை படியும் வெள்ளைச் சுண்ணாம்பை வினிகர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துகொண்டே போகும். ஒயர் பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு எடுத்து மேலேற வேண்டும், அப்போது வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம் வேண்டும். இதில் சமரசம் கூடாது.

டைமரில் ஒரு விஷயம். சக்கரம் சுற்றும் டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். இரண்டு மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு விளக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக எரியும், நாலு வெட்டு சேர்ந்தால் நடுராத்திரியில் எரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். இப்போதைய அமைப்பு மாலை 3 முதல் 10 வரை, 7 மணி நேரம். மாதத்துக்கு 2 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதல்.

ஃபில்டர் ஸ்பான்ஜ், 3 வாட் ஏர் பம்ப். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள், கரண்ட் போனதும் தண்ணீர் பின்னோக்கி இறங்கி பம்ப்பைக் கெடுக்கும். ஸ்பான்ஜை மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மாற்றி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா செத்துவிடும்.

அந்த பாக்டீரியா உருவாக 4 முதல் 6 வாரம் வேண்டும். அதுவரை மீன் விடக்கூடாது. பி.எச். (நீரின் அமில, கார அளவு) கூடுதலான நம் தண்ணீரில் இது இன்னும் முக்கியம். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 1 சதவீதத்துக்கும் கீழே, பி.எச். 8 ஆனால் 7 சதவீதத்தைத் தாண்டும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டிய பிறகு கப்பி நாலு, இரண்டு வாரம் விட்டு இன்னும் நாலு.

கோடையில் நீர் 32 டிகிரியைத் தொடும். மூடிக் கண்ணாடியை ஒரு பக்கம் விலக்கி, சின்ன ஃபேன் நீர்ப்பரப்பில் வீசினால் 2, 3 டிகிரி இறங்கும். தினம் ஒரு லிட்டர் வரை ஆவியாகும். அதை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்ப வேண்டும். போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். வாராந்திர மாற்றத்துக்கு, 12 லிட்டர், ஒரு வாளி, அதே போர் தண்ணீர் போதும்.

இப்போது மாட்டியிருக்கும் பேட்டன் மூன்றாவது ஆண்டின் முடிவில் முன்பைவிட மங்கல். வாலிஸ்னேரியாவின் அடி இலைகள் மெலிந்து நீளுவதிலேயே தெரிகிறது. அதே 10 வாட்டில் புதிது மாட்டும்போது முதல் இரண்டு வாரம் 5 மணி நேரம் மட்டும் எரியவிட்டு, பிறகு வாரம் அரை மணி நேரமாக ஏற்ற வேண்டும். ஒரே நாளில் முழு வெளிச்சத்துக்கு மாற்றினால் நூல்பாசி திரும்ப வந்துவிடும்.