பழவேற்காட்டு நீரில் ரப்பர் டிங்கி: கூரையில் காற்றோடு வைப்பதா, சுருட்டிப் பையில் வைப்பதா?

பழவேற்காடு ஏரியில் மோட்டார் படகு ஓட்டுபவருக்குக் கூடவே ஒரு சின்ன டிங்கி, அதாவது காற்றடைத்து மிதக்கவிடும் குட்டிப் படகு, எதற்கு என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுகூட இருக்காது, கோடையில் முழங்கால்தான். விசிறி சேற்றைக் கிளற ஆரம்பித்தால் படகை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, மீதித் தூரத்தைத் துடுப்பு போட்டுத்தான் கடக்க வேண்டும். பூநாரை வரும் மாதங்களில் மோட்டார் சத்தமில்லாமல் கிட்டப் போகவும் அதுதான் வழி. தடா, சூலூர்பேட்டை பக்கம் ஆந்திரக் கரையிலிருந்து இறங்குபவர்களுக்கும் இதே நிலைமைதான்.

இங்கே பேசப்போவது 24 முதல் 30 அடி வரையிலான ஃபைபர் படகையும், அதில் ஏற்றிப்போகிற 2.3 அல்லது 2.4 மீட்டர் பி.வி.சி. டிங்கியையும் பற்றி. அதை வைத்துக்கொள்ள மூன்று வழி உண்டு. கயிறு கட்டிப் பின்னால் இழுத்துப் போகலாம். காற்றோடு கேபின் கூரையில் கவிழ்த்துக் கட்டலாம். காற்றை இறக்கிச் சுருட்டிப் பையில் போட்டுவைத்து, தேவைப்படும்போது அடித்துக்கொள்ளலாம். நாங்கள் மூன்றாவதைத்தான் எடுத்தோம். அந்தப் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

இழுத்துப் போவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஏரியில் கம்பு நட்டுக் கட்டிய வலைகள் எங்கும் உண்டு. திரும்பும்போது டிங்கி வெளிப்பக்கம் ஒதுங்கிக் கம்பில் மாட்டும். அறுந்தால் நஷ்டம் வலைக்காரருக்கு. படகைப் பின்னால் எடுக்கும்போது தொய்ந்த கயிறு விசிறியில் சுற்றும். எதிர்க்காற்றில் வேகம் கூட்டினால் காலி டிங்கி அப்படியே கவிழும். அரை மணி நேர ஓட்டத்துக்கு, மிதக்கும் கயிறு போட்டு, ஆள் ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தால் சரி. அதற்கு மேல் வேண்டாம்.

கூரையில் வைப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. கயிற்றை அவிழ்த்துத் தள்ளினால் இரண்டே நிமிடத்தில் டிங்கி தண்ணீரில். ஒரே நாளில் நாலைந்து இடத்தில் கரையேற வேண்டிய வேலை என்றால், ஒவ்வொரு தடவையும் சுருட்டிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஏதாவது ஆபத்து என்றாலும் உடனே கைக்குக் கிடைக்கும். ஆனால் டிங்கி உயிர்காப்புத் தெப்பம் அல்ல. அதை நம்பி லைஃப் ஜாக்கெட்டைக் குறைக்கக் கூடாது.

குறைகளில் தெரிந்தவை: ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும், காற்று பிடிக்கும், நாலு மூலையிலும் இறுக்கிக் கட்டாவிட்டால் பிற்பகல் கடற்காற்று தூக்கிவிடும். இதையெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம். சமாளிக்க முடியாதது வெயில். என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது அது ஒன்றுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த அளவு டிங்கியின் பக்கக் குழாய்களுக்குச் சொல்லப்படும் அழுத்தம் பொதுவாக 0.25 பார், அதாவது சுமார் 3.6 பி.எஸ்.ஐ. மூடிய குழாயில் வெப்பம் 1 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 4 மில்லிபார் ஏறும். காலை 7 மணிக்கு 28 டிகிரியில் சரியாக 0.25 பார் அடித்துக் கூரையில் கட்டுகிறீர்கள். மத்தியானம் குழாய்க்குள் இருக்கிற காற்று 55 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 0.36 பாரை நெருங்கும். குழாய் கொஞ்சம் விரிந்துகொடுப்பதால் அளவியில் சற்றுக் குறைத்துக் காட்டலாம். அப்படியும், தாங்க வேண்டியதைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கை, பசை போட்டு இணைத்த ஒட்டுகள் தாங்குகின்றன. அதுவும் சூட்டில் பசை இளகியிருக்கிற நேரத்தில்.

துணி கிழிவது அபூர்வம். போவது ஒட்டுதான். முதலில் மோட்டார் மாட்டும் பின்பலகையைப் பிடித்திருக்கிற ஒட்டின் ஓரம் நகக்கண் அளவு தூக்கும். அதில் உப்புநீர் புகும், அடுத்த வெயிலில் இன்னும் கொஞ்சம் பிரியும். பிறகு துடுப்பு வளையம், கைப்பிடித் திட்டு. பி.வி.சி.யில் இருக்கிற மென்மையூட்டி வெயிலில் வெளியே கசிந்து மேல்பரப்பைப் பிசுபிசுக்க வைக்கும். அந்த நிலைக்கு வந்த குழாயில் புதிய ஒட்டுப் போட்டாலும் பிடிக்காது.

மத்தியானம் காற்றைக் குறைத்துவிடலாமே என்றால், குறைக்கலாம். ஆனால் சாயங்காலம் தண்ணீரில் இறக்கியதும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து டிங்கி தொளதொளத்துவிடும். திரும்ப அடிக்க வேண்டும். எப்படியும் பம்பைத் தூக்கத்தான் போகிறோம் என்றால் கூரையில் வைத்ததன் லாபம் என்ன? கூரைதான் வேண்டும் என்பவர்கள் 0.1 பார் அளவுக்கு இறக்கி, வெளிர்நிற உறை போட்டு, உறைக்கும் குழாய்க்கும் நடுவே காற்றோட இடம் விட்டுக் கட்டுங்கள். நீலத் தார்ப்பாயை ஒட்டிப் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கும்.

இனி சுருட்டி வைக்கும் முறை. இதற்கு ஏற்றது காற்றுத்தளம் உள்ள டிங்கி. உட்காரும் தளமும் காற்றடைத்துக் கெட்டியாகும் வகை இது. பொதுவாக 20 முதல் 25 கிலோ இருக்கும். இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம். ஒட்டுப்பலகைத் தளம் என்றால் 30 கிலோவைத் தாண்டும். ஆடும் படகில் அந்தப் பலகைகளைப் பொருத்தும்போது விரல் நசுங்கும், மணல் மாட்டினால் பொருந்தவே பொருந்தாது. நின்று வலை இழுக்கவோ கனமான சாமான் ஏற்றவோ பலகைத் தளம் உறுதியானது. கரைக்குப் போய்வர அது தேவையில்லை.

காற்றடிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று: டிங்கியின் முன்கயிற்றைப் படகில் கட்டிவிடுங்கள். பாதி நிரம்பிய டிங்கியைக் காற்று அள்ளிக்கொண்டு போக ஒரு நொடி போதும். அடுத்து வால்வின் நடு ஊசியைப் பாருங்கள். அழுத்தித் திருகினால் அது மேலே எழும்பி நிற்க வேண்டும். உள்ளே அமுங்கியிருந்தால் குழலை எடுத்ததும் அடித்த காற்றெல்லாம் வெளியே. ஊசிக்கடியில் ஒரு மணல் துகள் மாட்டினாலே மெதுவாகக் கசியும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும், எண்ணெயோ கிரீஸோ போடக் கூடாது.

தளத்தை மட்டமாக விரித்து, இரண்டு பக்கக் குழாய்களுக்கும் மாற்றி மாற்றி வடிவம் வரும் அளவுக்கு அடியுங்கள். ஒன்றை முழுக்க அடித்துவிட்டு மற்றதைத் தொட்டால் நடுவில் இருக்கும் தடுப்புத்துணி ஒரு பக்கமாக இழுபடும். பிறகு இரண்டையும் 0.25 பாருக்கு ஏற்றி, அதன் பின் தளம், கடைசியாக அடிப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் கீல் குழாய். இறக்கும்போது கீல் குழாயில் ஆரம்பியுங்கள். உங்கள் டிங்கியில் வேறு வரிசை அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கால் பம்பா, மின்பம்பா? 2.4 மீட்டர் டிங்கியின் குழாய் விட்டம் 38 செ.மீ. என்றால் கொள்ளளவு 620 லிட்டர் அளவுக்கு வரும். 0.25 பாரில் நிரப்ப வெளிக்காற்று 780 லிட்டர் உள்ளே போக வேண்டும். 5 லிட்டர் கால் பம்பில் இது குறைந்தது 156 மிதி. கசிவைச் சேர்த்தால் 200. மிதித்துவிடலாம். ஆனால் காற்றுத்தளத்துக்கு 0.7 முதல் 0.8 பார் வேண்டும். சாதாரணக் கால் பம்பு அதில் பாதியைக்கூடத் தாண்டாது. தளம் நடுவில் தொய்ந்தால் டிங்கி வளையும், துடுப்பு போட்டாலும் நகராது. அதனால் முதலில் வேகமாக நிரப்பி, பிறகு அழுத்தம் ஏற்றும் இரண்டு கட்ட 12 வோல்ட் மின்பம்பு எடுங்கள். இதன் இரண்டாம் கட்டம் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போகும். பேட்டரியிலிருந்தே 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்துத் தனிக்கம்பி இழுத்து, எஞ்சின் ஓடும்போது அடியுங்கள். கால் பம்பும் பெட்டியில் இருக்கட்டும். மின்பம்பு உப்புக்காற்றில் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது.

சுருட்டுவதில் அவசரம் கூடாது. முகத்துவாரம் மணலடைத்துக் கிடக்கும் கோடையில் ஏரித் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடும். காய்ந்ததும் மடிப்பெல்லாம் வெள்ளைப் பொடி. அதோடு மணலும் சேர்ந்து சுருட்டினால் உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான், படகு ஆடும் ஒவ்வொரு முறையும். ஒரு 20 லிட்டர் கேன் நல்ல தண்ணீர் இதற்கென்றே ஏற்றுங்கள். முக்கியமாகக் கழுவ வேண்டிய இடம், தளத்தின் ஓரம் பக்கக் குழாயோடு சேரும் இடுக்கு. விரலை விட்டுத் துழாவினால் சிப்பித்துண்டு கையில் தட்டும். அதை எடுக்காமல் அடுத்த முறை காற்றடித்தால் ஓட்டை அங்கேதான் விழும்.

துடைத்து, நிழலில் ஈரம் போக விட்டு, பம்பின் உறிஞ்சும் வாயால் மிச்சக் காற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு குழாய்களையும் உள்பக்கமாக மடித்து, பின்பலகையிலிருந்து தொடங்கி முன்பக்க வால்வை நோக்கிச் சுருட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மடிப்பு சற்றுத் தள்ளி விழட்டும். ஒரே கோட்டில் மடித்தால் அந்தக் கோட்டிலேயே வெடிப்பு வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய வைக்க வழியில்லையென்றால் ஈரத்தோடு சுருட்டுங்கள், ஆனால் கரை சேர்ந்ததும் விரித்துவிடுங்கள். விட்டால் பூஞ்சைக் கறை பிடிக்கும், போகாது.

பையை எஞ்சின் அறையில் மட்டும் வைக்காதீர்கள். சூடு ஒரு பக்கம், டீசல் ஆவி மறுபக்கம். முன்பக்கப் பெட்டியில் பலகைச் சட்டத்தின் மேல், அடியில் காற்று புகும்படி வையுங்கள். நங்கூரச் சங்கிலியோடு சேர்த்துப் போட வேண்டாம்.

ஹைபாலான் துணி டிங்கி வாங்கினால் இந்த வாதம் மாறுமா? வெயிலை அது பி.வி.சி.யைவிட நன்றாகத் தாங்கும். கூரையில் வைப்பதை ஓரளவு நியாயப்படுத்தலாம். ஹைபாலான் என்ற பெயரில் அந்த ரப்பரைத் தயாரித்த டூபாண்ட் 2010-இல் நிறுத்திவிட்டது. இப்போது அதே வகை ரப்பரை மற்றவர்கள் செய்கிறார்கள். விலை நன்றாகவே கூடுதல். இந்த ஏரியில் அதை நீண்ட நாள் வைத்திருந்தவர்கள் குறைவு என்பதால், நான் சொல்வது பொருளின் குணத்தை வைத்துத்தான், பழக்கத்தை வைத்து அல்ல. ஆளிச் சிப்பி வெட்டினால் இரண்டும் ஒன்றுதான். முகத்துவாரத்துப் பக்கம் டிங்கியைக் கரையில் இழுக்காதீர்கள், தூக்குங்கள்.

பழுது பார்ப்பதிலும் வெயிலும் ஈரமும்தான் எதிரி. பி.வி.சி.க்கு இரண்டு பாகப் பசைதான் நிற்கும். சைக்கிள் டியூப் பசை நிற்காது. ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. வரும்படி மூலை உருட்டிய திட்டு வெட்டி, இரண்டு பரப்பையும் கரைப்பான் போட்டுத் துடைத்து, மெல்லிய பூச்சாகப் பூசிக் காயவிட்டு ஒட்டுங்கள். 24 மணி நேரம் காற்றடிக்கக் கூடாது. காற்றில் ஈரப்பதம் அதிகமிருந்தால் ஒட்டு பிரிந்துவிடும். இந்தக் கரையில் பெரும்பாலான நாள் அப்படித்தான் என்பதால் படகுத்துறையில் ஒட்டாதீர்கள், ஏ.சி. அறைக்குக் கொண்டுபோய் ஒட்டுங்கள்.

சீசன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகும்போது இறுக்கிச் சுருட்ட வேண்டாம். தளர்வாக மடித்து, டால்கம் பவுடர் தூவி, தகரக் கூரைக்கடியில் இல்லாத அறையில் உயரத்தில் வையுங்கள். பையின் பக்கப்பையில் பிஸ்கட் பாக்கெட் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எலி பிஸ்கட்டைத் தேடி வந்து குழாயையும் சேர்த்துக் கடிக்கும்.