மொனோகிராப்: நூலகர் சொல்வதும் ஆய்வாளர் சொல்வதும்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் ‘மொனோகிராப் இருக்கோ?’ என்று கேட்டால், யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

நூலகருக்கு அது தொடர் வெளியீடு அல்லாத எந்த நூலும். ஒரே பாகமாகவோ, எண்ணி முடிக்கக்கூடிய சில பாகங்களாகவோ நிறைவு பெற்றால் போதும். ஒடியற்கூழ் சமையல் குறிப்பு நூலும் மொனோகிராப்தான்! நூலகப் பட்டியலைக் கணினியில் பதியும் மார்க் 21 வடிவத்தில், பதிவின் தொடக்கப் பகுதியான ‘லீடரின்’ 07ஆம் இடத்தில் ‘எம்’ விழும், சஞ்சிகைக்கு ‘எஸ்’. அடையாள எண்ணும் வேறு: நூலுக்கு 13 இலக்க ஐஎஸ்பிஎன் (இலங்கையில் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும்), சஞ்சிகைக்கு 8 இலக்க ஐஎஸ்எஸ்என்.

ஆய்வாளரின் வரையறை இறுக்கமானது: ஒரு பொருள், ஆழமான ஆய்வு, முழு நூலுக்கும் ஓடும் ஒரே வாதம். வலிகாமத்துக் கிணற்று நீரின் நைத்திரேற்றை மட்டும் ஆராயும் நூல் மொனோகிராப். அதே பொருளில் பத்துப்பேர் எழுதிய தொகுப்பு அப்படியல்ல. நூலகருக்கோ அதுவும் ‘எம்’தான்.

சிக்கல் விரிவுரையாளர்களின் பதவி உயர்வு விண்ணப்பத்தில் வரும். ஐஎஸ்பிஎன் இருக்கிறதே என்று க.பொ.த. உயர்தரப் பாடநூலை ‘மொனோகிராப்’ என்ற தலைப்பின்கீழ்ப் போடுவார்கள். மதிப்பீட்டாளர் தேடுவது புதிய ஆய்வை. ஆய்வேட்டை அப்படியே அச்சிடுவதும் சரிவராது, இலக்கிய மீளாய்வை (முன்னைய ஆய்வுகள் பற்றிய பகுதியை) சுருக்கி வாதத்தை முன்னே கொண்டுவர வேண்டும்.

தமிழில் ஆய்வாளர் பொருளுக்குத் ‘தனிப்பொருள் ஆய்வு நூல்’ என்றே எழுதலாம். பட்டியலாக்கத்தில் வெறும் ‘நூல்’ போதும்.